சுத்தம் கடைப் படர்தாமரை

அந்தச் சலூன்காரருக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் 'சுத்தம்'. கேலியாக வைத்ததுதான். அவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தவர் கழுத்தில் துணியைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு தொடங்கிவிடும்.

"பக்கத்துத் தெருவுல ஒரு கடை இருக்கு. காலையில வந்தவன் வேர்வைய அதே துண்டால சாயங்காலம் வர்றவன் மூஞ்சில பூசி அனுப்புவாங்க. நம்ம கடையில அந்தப் பேச்சே கிடையாது. சீப்ப பாருங்க, மருந்துத் தண்ணியில முங்கிக் கிடக்குது. மெஷின் பல்ல ஒவ்வொரு தலைக்கும் ஸ்பிரிட்ல தொடைக்கிறேன். என் கடைக்கு வந்து ஒருத்தன் ஒரு கொப்புளத்தோட போயிருக்கான்னு காட்டுங்க, நான் கடைய மூடிடறேன்."

கேட்டுக்கேட்டு எல்லோருக்கும் மனப்பாடம். தலை அவர் கையில் இருக்கும்போது எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியால் வந்த வினைதான் இது.

தெருமுனையில் ஒரு சின்னக் கிறிஸ்தவ சபை, சுத்தமும் அந்தச் சபைதான். அதன் பாஸ்டர் வயதில் இளையவர், முடி வெட்டிக்கொள்ள வரும்போதெல்லாம் சுத்தத்திடம் மாட்டிக்கொள்வார். சுத்தத்துக்குப் பிடித்த வழக்கு ஒன்று உண்டு. "ஆதாம்னு ஒருத்தன் சொல்பேச்சு கேக்காம பழத்தத் தின்னான். சரி, அவன் தின்னான். அதுக்கு எனக்கு ஏன் வயித்துவலி வரணும்? நான் தோட்டத்துப் பக்கமே போகலையே! இது என்ன நியாயம் பாஸ்டர்?" பாஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பார். "அசையாதீங்க, காது பக்கம் வெட்டறேன்" என்பார் சுத்தம். காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். வழக்கில் சுத்தம் ஜெயித்துவிட்டதாகக் கணக்கு.

சபையில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துச் சுவரில் மாட்டுவது என்று முடிவானது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் படம். ஆகவே சனிக்கிழமை ஆண்கள் மொத்தப் பேரும் சுத்தத்தின் கடையில். பெஞ்சில் இடமில்லாமல் வாசலில் நின்றார்கள். சபையின் மூப்பர் மட்டும் வயதுக்கு மரியாதையாக ஸ்டூலில் உட்கார்ந்து, யார் முன்னால், யார் பின்னால் என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் வந்தான், சுத்தத்தின் மனைவியுடைய தம்பி. வெளியூரில் லாரி ஓட்டுகிறவன், வந்தால் அக்கா வீட்டில் சாப்பாடு, மாமா கடையில் முடிவெட்டு, இரண்டும் அவனுக்குப் பிறப்புரிமை. வரிசையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மெஷினைப் பிடரியில் ஏற்றிக்கொண்டே போன சுத்தத்தின் கை ஒரு இடத்தில் நின்றது. முடிக்கு அடியில் வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் செதில் உதிர்ந்து ஒரு தடம். படர்தாமரை. தொழிலில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு அது தெரியாமல் போகுமா?

அப்போதே மெஷினை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல்லைக் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறப் போட்டிருக்க வேண்டும். ஸ்பிரிட் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார், காலி. மதியமே தீர்ந்திருந்தது. வாங்கிவர ஆள் அனுப்பினால், 'சுத்தம் கடையில் ஸ்பிரிட் இல்லையா' என்று வாசலே சிரிக்கும். மச்சானுக்குப் படை என்று வாயைத் திறந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. சுத்தம் கண்ணாடியைப் பார்த்தார். யாரும் தன் கையைக் கவனிக்கவில்லை என்று நிச்சயமானது. மெஷினை வாயருகே கொண்டுபோய் 'ஃபூ' என்று ஊதினார். இடுப்புத் துணியில் ஒரு இழுப்பு இழுத்தார். "அடுத்து யாரு? வாங்க" என்றார்.

அடுத்து பாஸ்டர். அதற்கடுத்து மூப்பர். பிறகு பாடகர் குழு முழுக்க.

படம் அருமையாக வந்தது. எல்லோரும் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தார்கள். அரிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. முதலில் ஒருவர் பிடரியைச் சொறிந்தார், பார்த்துக்கொண்டிருந்தவரும் சொறிந்தார். துண்டு வழியாகவும் தலையணை வழியாகவும் வீட்டுக்குள் போய், பெண்டு பிள்ளைகள் தலையிலும் ஏறியது. முடி கொத்தாக உதிர்ந்து, வட்டம் வட்டமாக வழுக்கை. டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்து, "இது பூனை, நாய்கிட்ட இருந்து வரலாம். சீப்பு, மெஷின் மூலமாவும் வரலாம்" என்றார். தெரு அவர் சொன்னதில் பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஏனென்றால் பூனை கைவசம் இருந்தது.

சலூனுக்கு எதிர்த்த மாடியில் ஓர் அறையில் தையல் அக்கா இருந்தார். தனி ஆள். கால்சட்டை நீளம் குறைப்பது, பழைய ஜிப்பை மாற்றுவது மாதிரி வேலைகள். கூடவே மூன்று பூனைகள். அவர்கூட அதே சபைதான், கடைசி பெஞ்சு. யார் வீட்டுத் துணியானாலும் வாங்கித் தைத்துக் கொடுத்தவரிடம் இப்போது யாரும் துணி கொடுப்பதில்லை. கொடுத்திருந்தவர்களும் வந்து தைக்காமலே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஆராதனையில் அவர் பெஞ்சில் அவர் மட்டும். வீட்டுக்காரர் வேறு, பூனைகள் போகாவிட்டால் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம்.

சுத்தம் முழுக்கைச் சட்டைக்கு மாறினார். புழுக்கத்திலும் பொத்தானைக் கழற்றுவதில்லை. அவருடைய முன்கையிலும் ஒரு வட்டம் வந்திருந்தது.

ஒரு ஞாயிறு சுத்தம் ஆராதனைக்குத் தாமதமாகப் போனதால் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று. பாஸ்டர் ஜெபத்துக்கு அழைத்தார். எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். சுத்தம் குனியவில்லை. அவர் கண்ணெதிரே சபை ஆண்களின் அத்தனை பிடரியும் வரிசையாகத் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம். சிலதில் இரண்டு. யார் தலையில் மெஷினை எந்தப் பக்கத்திலிருந்து ஏற்றினார் என்பதுவரை அவரால் சொல்ல முடியும். இத்தனை நாள் தன் கைவேலை என்று பெருமையாகப் பார்த்த தலைகள். 

பாஸ்டர் பிரசங்கத்துக்கு எடுத்ததும் அந்த ஆதாம் கதையைத்தான். "ஒரு ஆள் பண்ணினது அந்த ஒரு ஆளோட நிக்கறதில்ல. அது எல்லார் மேலயும் வந்து விழுது. அதே மாதிரி ஒரே ஒருத்தர் நமக்காக ஏத்துக்கிட்டதும் எல்லாருக்கும் வந்து சேருது" என்று சொல்லிக்கொண்டே பிடரியைச் சொறிந்தார். சுத்தத்தின் பழைய வழக்கு அங்கேயே தள்ளுபடியானது. தோட்டத்துப் பக்கமே போகாத இத்தனை பேருக்கும் வயிற்றுவலி கொடுத்த ஆள் பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஆதாம்கூடத் தன் பெண்டாட்டி மேல்தான் பழியைப் போட்டான். தனக்கு ஒரு மச்சான் தயாராக இருக்கிறானே என்று அவருக்கு அப்போதும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் கூசினார்.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் அவர் தோளில் கை போட்டார். "ஏம்ப்பா, தையலம்மா வீட்டுக்குப் போய்ப் பூனைய அனுப்பச் சொல்லணும். நாங்க சொன்னா வருத்தப்படும். நீயும் வா. சுத்தத்தப் பத்தி நீ எடுத்துச் சொன்னா மறுபேச்சு இருக்காது."

'நான் வரல' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சுத்தம் போனார்.

தையல் அக்கா எல்லோருக்கும் பாய் விரித்தார். மூப்பர் சுற்றி வளைத்துப் பேசி, முடிக்காமல் சுத்தத்தைப் பார்த்தார். சுத்தத்தின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. "சுத்தம் முக்கியம் இல்லையா அக்கா. பூனை முடி பறக்கும்... துணியில ஒட்டும்..."

அக்கா மடியில் இருந்த பூனையைக் கீழே இறக்கிவிட்டார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி. உங்களுக்குத் தெரியாததா? நாளைக்குக் காலையில தங்கச்சி வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன். அவளுக்குப் பூனைன்னா ஆகாது. என்ன பண்ணுவாளோ தெரியல."

படியிறங்கும்போது மூப்பர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு செருப்படியைவிட உறைத்தது. வீட்டில் சோறு இறங்கவில்லை. "என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று மனைவி கேட்டபோது எழுந்து கையைக் கழுவிக்கொண்டார்.

மறுநாள் காலை கடைக் கதவைத் தூக்கும்போதே பார்த்துவிட்டார். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் தையல் அக்கா மூடிபோட்ட கூடையோடு நின்றார். கூடைக்குள்ளிருந்து சத்தம். நின்ற கூட்டம் அவரைவிட்டு நாலடி தள்ளி நின்றது, அந்த நாலடியை மிதிக்க யாரும் தயாராக இல்லை. தெருக்கோடியில் பஸ் திரும்பியது. பூட்டைத் தரையில் போட்டுவிட்டு சுத்தம் சாலையைக் கடந்தார்.

"அக்கா, ஏறாதீங்க."

"ஏன் தம்பி?"

 கூடையின் பிடியைப் பிடித்துக்கொண்டார். "பூனை இல்ல அக்கா. நான்தான். என் மெஷின்தான். படத்துக்கு வெட்டுனோமே அந்தச் சனிக்கிழமை, ஒருத்தர் தலையில இருந்தத என் கண்ணால பாத்தேன். பாத்துட்டே ஊதிட்டு அடுத்த ஆள உக்கார வச்சேன். ஸ்பிரிட் தீந்துபோச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நேத்து உங்க வீட்டுல உக்காந்து வேற பேசினேன்." சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக் காட்டினார். வட்டம் இப்போது கையகலம் ஆகியிருந்தது.

பஸ் வந்தது. யாரும் ஏறவில்லை. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார். 'யார் அந்த ஒருத்தர்' என்று யாரோ கேட்டார்கள். மச்சான் பேரைச் சுத்தம் சொல்லவில்லை. பாடகர் குழுவில் தடித்த குரலில் பாடுகிற ஒருவர் மட்டும், "அடப்பாவி, என் பொண்ணுக்கு முடியே போச்சுடா" என்றார்.  சுத்தம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.  தையல் அக்கா கூடையை அவர் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அதன் பிறகு கடைக்கு ஈ காக்கா வரவில்லை. சுத்தம் பழைய மெஷினைத் தூக்கிப் போட்டார், புதுசு வாங்கினார், சீப்பு, துண்டு எல்லாவற்றையும் மாற்றினார். தினமும் திறந்து, துடைத்ததையே துடைத்து, தன் கைக்குக் களிம்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் தம்பிக்குப் போன் போட்டுக் கிழிகிழி என்று கிழித்தார். தெருவில் போகிறவர்கள் கடை வந்ததும் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள். பாஸ்டர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். நாற்காலியில் உட்கார அவருக்கும் மனம் வரவில்லை, அதை மறைக்கவும் தெரியவில்லை.

ஒரு நாள் நடுப்பகலில் தையல் அக்கா உள்ளே வந்தார். அது ஆண்கள் கடை, பெண்கள் வாசலோடு சரி. அவர் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கழுத்து வரைக்கும்தான் எப்பவும் வெட்டிக்குவேன். துணி வெட்டற கத்திரியால நானே வெட்டிக்கிறது. இந்தத் தடவ நீ வெட்டு. பிடரியில மெஷின் போடு."

'நீங்க' போய் 'நீ' வந்திருந்ததைச் சுத்தம் கவனித்தார். கோபமா, உரிமையா என்று தெரியவில்லை. "வேணாம் அக்கா. ஏதாவது ஆயிட்டா?"

"ஏன், மெஷின் சுத்தம் இல்லையா?"

"புதுசு. கொதிக்க வச்சிருக்கேன். இருந்தாலும்..."

"அப்ப வெட்டு. தெருவுல படை வராத தலை என்னுதுதான். எல்லாரும் என்னைவிட்டுத் தள்ளியே நின்னாங்கல்ல, எங்கிருந்து வரும்? இந்தத் தலையில உன் மெஷின் போய், ஒண்ணும் வரலன்னா மத்தவங்க நம்புவாங்க. வந்தா எனக்கும் ஒரு டப்பா களிம்பு, அவ்வளவுதானே."

"உங்களுக்கு நான் பண்ணினதுக்கு..."

"அத நான் மறக்கல. உன் பொண்டாட்டி நேத்து என்கிட்ட ஒரு பாவாடை தைக்கக் குடுத்தா.  வீட்டுல ரெண்டு பேரும் சரியாச் சாப்பிடறதில்லையாமே. பேச்ச விடு, எனக்கு வேலை கிடக்கு."

சுத்தம் துணியைக் கட்டினார். வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அவ்வளவு பேரையும் கண்ணாடியில் பார்க்க முடிந்த அவரால் அக்காவின் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. பஸ் நிறுத்தத்தில் பட்ட அவமானத்தை அவர் தாங்கிக்கொண்டார், அது அவர் சம்பாதித்தது. இது அப்படி இல்லை. இதற்கு அவர் எதுவும் செய்யவில்லை, செய்யவும் வழியில்லை. வெட்டி முடிக்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை. அந்தக் கடையில் பேச்சில்லாமல் நடந்த முதல் முடிவெட்டு அதுதான் என்று பிற்பாடு தெருவில் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு தையல் அக்கா கடைசி பெஞ்சை விட்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சபை முழுக்க ஜெபத்தின்போது கண்ணைத் திறந்து அவர் பிடரியைப் பார்த்தது. அதற்கடுத்த ஞாயிறும் பார்த்தது. ஒரு பொட்டு சிவப்பு இல்லை.

அந்த வாரம் முதல் ஆளாக மூப்பர் வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை, நேராக நாற்காலிக்குப் போனார். வழுக்கை வட்டத்தில் பூனைமயிர் மாதிரி புதுமுடி முளைத்திருந்தது.

"ஏம்ப்பா, ஒண்ணு சொல்லிடறேன். உன்ன நம்பி நான் வரல. அந்தம்மா தலையப் பாத்துட்டு வந்தேன்."

"நானும் அதப் பாத்துட்டுத்தான் ஐயா தினம் கடையத் திறக்கறேன்" என்றார் சுத்தம்.  ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, அவர் கண்ணெதிரே வைத்து, மெஷின் பல்லை நனைத்தார்.