பாட்டுக்காரி இல்லாத ஆல்பம்

கிடங்கில் அவரை எல்லோரும் 'கூச்சல்' என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளத்துக்குப் பெட்டி ஒட்டுவார். சம்பளமில்லாமல் விமர்சனம் எழுதுவார். கார் ஷெட்டிலும் நிலவறையிலும் இளம்பிள்ளைகள் பதிவு செய்து, கடைப்பக்கமே வராமல் இணையத்தில் மட்டும் வெளியிடுகிற மெட்டல், பங்க் என்ற இரைச்சல் இசை ஆல்பங்களைப் பற்றி. அந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுத வேறு நாதி இல்லை. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதுபோல, இவர் எழுதியதே தீர்ப்பு.

"வீட்டுல மிக்ஸி ஓடினா தலைவலிங்கிற மனுஷன்" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

பாட்டுக் கேட்பதெல்லாம் வேலை நேரத்தில்தான். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் வந்தால் ஹார்ன் கேட்கவேண்டும் என்பதால் வலது காதைத் திறந்துவைத்து, இடது காதில் மட்டும் இயர்போன். மேனேஜர் கண்டும் காணாமல் விட்ட ஏற்பாடு. பாதியைக் கேட்டுவிட்டு முழுத் தீர்ப்பு எழுதுகிறோமே என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது மனிதருக்கு உறைத்ததா என்றால், இல்லை.

அப்படி வந்து சேர்ந்ததுதான் உள்ளூர் பங்க் குழு ஒன்றின் முதல் ஆல்பம். அண்ணன்கள் இருவர், ஒருவன் கிட்டார், ஒருவன் டிரம்ஸ், தங்கை பாட்டு. இவர் கேட்டபோது குரலே காணோம். அசந்துபோனார். "பாட்டுக்காரியைக் கழற்றிவிட்டது நல்ல முடிவு. இப்போதுதான் சத்தம் சத்தமாக இருக்கிறது" என்று எழுதிப் போட்டார். சத்தம் சத்தமாக இருக்கிறது என்பது அவர் வாயிலிருந்து சுலபத்தில் வராத பாராட்டு. பல குழுக்கள் அதற்காகத் தவம் கிடந்தன.

பிறகு ஒரு விடுமுறை நாளில், வீட்டில் துணி மடிக்கும்போது, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு அதே ஆல்பத்தைப் போட்டார். குரல் இருந்தது. வலது காதில் மட்டும் கேட்கும்படி ஒதுக்கிப் பதிவு செய்திருந்தார்கள். அடிவயிற்றிலிருந்து எழும்பிய குரல். அந்த ஆல்பத்தில் உருப்படியாக இருந்ததே அது ஒன்றுதான். மடித்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார்.

விமர்சனத்தை மாற்றி எழுதினார். அதற்குள் அண்ணன்கள் ஆல்பத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டு, குரலை நீக்கி மறுபடி வெளியிட்டிருந்தார்கள். போன் போட்டால் பெரியவன், இதுதான் நன்றாகப் போகிறது, விடுங்கள் சார் என்று முடித்துக்கொண்டான்.

தங்கைக்கு மருந்துக்கடையில் வேலை. அங்கேயே போய், ஒற்றைக் காதில் கேட்ட கதையை ஒளிக்காமல் சொன்னார்.

"உன் குரல்தாம்மா அதுல பாட்டே. தப்பு என்னோடது. அண்ணன்கள்கிட்ட நான் வந்து பேசட்டுமா?"

அவள் மாத்திரை அட்டைகளை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"அவங்களுக்கு அன்னைக்கே தெரியும் சார். ஒரு பக்கம்தான் கேட்டிருக்காருன்னு படிச்சதுமே கண்டுபிடிச்சிட்டாங்க. விழுந்து விழுந்து சிரிச்சோம், நானும்தான். அப்புறம் சின்னண்ணன் வலது இயர்போனைக் கழட்டிட்டு, என் குரல் இல்லாம கேட்டுப் பார்த்தான். பெரியவன்கிட்டயும் குடுத்தான். ரெண்டு பேரும் சிரிக்கிறதை நிறுத்திட்டாங்க."

அவருக்குப் பின்னால் ஒருவர் மருந்துச்சீட்டை நீட்டினார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார் என்று சொல்லிவிட்டு அவள் அதை வாங்கிப் படிக்க ஆரம்பித்தாள்.