நாலு வீட்டு ஃபேனும் ஒரு மோட்டாரும்

யோகலிங்கம் பிறந்ததிலிருந்து இன்றுவரை ஒழுங்காக உட்கார்ந்தது மொத்தம் மூன்று தடவை என்று உப்புவெளியில் சொல்வார்கள். மணவறையில் ஒருமுறை, பல்லுப் பிடுங்கும்போது ஒருமுறை. மூன்றாவது எங்கே என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஐந்தாம் வகுப்போடு அவன் பள்ளிக்கூடத்தை விட்டானா, பள்ளிக்கூடம் அவனை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. அவன் கால் ஆட்டிய ஆட்டத்தில் உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையின் ஆணி கழன்று விழுந்தது மட்டும் உண்மை. இப்போது நாற்பத்து மூன்று வயது. சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்து முற்றத்தில் நடந்துகொண்டே தின்பான். முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் இடையில் நிலாவெளிக்குப் போய்வரும் தூரம் நடந்திருப்பான்.

தொழில், ஃபேன், மோட்டார், கிரைண்டர் திருத்துவது. மின்சாரத்தை யாரும் அவனுக்குப் படிப்பிக்கவில்லை. அதுவே உதைத்து உதைத்துச் சொல்லிக்கொடுத்தது. அவன் இதுவரை வாங்கிய ஷொக் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தால் திருகோணமலை ரவுணுக்கு ஒரு கிழமை வெளிச்சம் கொடுத்திருக்கலாம்.

ஊரார் வீட்டு மோட்டார் எல்லாம் அவன் கைபட்டு ஓடின. சொந்த வீட்டு மோட்டார்தான் ஒரு மாதமாக முனகிக்கொண்டு கிடந்தது. சுவிட்சைப் போட்டால் "ம்ம்ம்" என்று நிற்கும். பின்பக்க விசிறியை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் மனமில்லாமல் சுற்றத் தொடங்கும். உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் சாகப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். "நாளைக்கு மாத்துறன்" என்று முப்பது நாளும் சொன்னான்.

அந்த மோட்டாரை நம்பித்தான் அவன் மனைவி சிவாஜினியின் தொழில் இருந்தது. கொல்லையில் சீமெந்துத் தொட்டி. அதற்குள் உயிரோடு சிங்க இறால்கள். மோட்டார் கடல் தண்ணீரை ஏற்றி, ஓட்டை போட்ட குழாய் வழியே பீய்ச்சி அடிக்கும். விழுகிற தண்ணீரோடு காற்றும் கலக்கும். இறால் மூச்சு விடும். சித்திரை வருசப் பிறப்பன்று பின்னேரம் நாலு மணிக்கு விருந்தினர் விடுதி கனகரத்தினம் வந்து எடுப்பதாகப் பேச்சு. "உயிரோட துள்ளினா இந்த சீசன் முழுக்க உன்னட்டத்தான் எடுப்பன் பிள்ளை. செத்துதெண்டா உன்ர குசினிக்குத்தான்" என்று சொல்லியிருந்தார்.

வருசப் பிறப்பன்று பகல் பதினொன்றரைக்கு மோட்டார் முனகியது. யோகலிங்கம் சுண்டினான். சுற்றியது. தண்ணீர்ப் பாரம் ஏறியதும் நின்றது. மறுபடி சுண்டினான். நின்றது. மூன்றாம் தடவை, வறுத்த மிளகாய் மணம்போல ஒரு மணம் வந்தது. பாய்ந்து சுவிட்சை நிறுத்தினான்.

"என்னப்பா?" என்றாள் சிவாஜினி.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கோ மூஞ்சை இப்பிடிக் கிடக்கு?"

இறால்களை வலைக்கூட்டில் போட்டுக் கடலில் கட்டிவிடலாம் என்றால் அந்தக் கூட்டைப் போன கிழமைதான் திருக்கை கிழித்திருந்தது. புதுக் கப்பாசிட்டர் வாங்கலாம் என்றால் கடை எல்லாம் மூன்று நாளைக்குப் பூட்டு. சிவாஜினி புதுச் சேலையைத் தூக்கிச் செருகினாள். வாளியை எடுத்தாள். தொட்டித் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினாள். மறுபடி அள்ளினாள். மோட்டார் செய்யவேண்டிய வேலையை அவள் தோள் செய்தது.

யோகலிங்கம் தொட்டியைச் சுற்றி ஏழு தடவை நடந்தான். மோட்டாருக்குள் இரண்டு கம்பிச் சுற்று இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் தள்ளினால் நடுவில் நிற்பவன் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் உறுமிக்கொண்டு நிற்பான். ஒன்று தள்ளி, கொஞ்சம் பொறுத்து மற்றது தள்ளினால்தான் சுழலுவான். அந்தக் 'கொஞ்சம் பொறுத்து' என்பதைச் செய்வது கப்பாசிட்டர். கரண்டை வயிற்றில் வாங்கும், கொடுக்கும், வாங்கும், கொடுக்கும். செத்துப்போன கப்பாசிட்டரின் முதுகில் பத்து என்று போட்டிருந்தது. அவன் கண் யன்னலுக்கு உள்ளே, கூரைக்குப் போனது. வீட்டு ஃபேன். அதிலும் ஒரு சின்னக் கப்பாசிட்டர், இரண்டரை. நாலு இரண்டரை பத்து. கணக்கில் மட்டும் வருசம் முழுக்க அடி வாங்கியவனுக்கே விடை வந்துவிட்டது.

தன் ஃபேனைக் கழற்றினான். இன்னும் மூன்று வேண்டும். ஆனால் சித்திரை வெயில். தார் றோட்டில் முட்டை பொரிக்கலாம், பொரித்ததைத் திருப்பியும் போடலாம். பொங்கலும் பலகாரமும் தின்றுவிட்டு ஊரே ஃபேனுக்குக் கீழே மலர்ந்து கிடந்தது. அந்த நேரத்தில் போய் ஃபேனைக் கழற்றித் தா என்றால் கத்தி எடுப்பார்கள்.

அன்றைக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. வருசப் பிறப்பன்று பெரியவர்கள் வெற்றிலையில் வைத்துக் கொடுக்கும் கைவிசேசம் கேட்டு வந்தவரை யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

பக்கத்து வீட்டுத் தங்கரத்தினம் மாமியின் வாசலில் போய் இரண்டு கையையும் நீட்டினான். "மாமி, கைவிசேசம் தாங்கோ."

"ஏழு கழுதை வயசாச்சு உனக்கு. காலமை தந்த நூறு ரூவா எங்க?"

"காசு வேண்டாம். உங்கட ஃபேனுக்குள்ள கிடக்கிற கப்பாசிட்டரைத் தாங்கோ."

மாமிக்கு விளங்கச் சில நொடி எடுத்தது. விளங்கியதும் போட்ட சத்தத்தில் கோணேசர் மலையில் மான்கள் எழும்பி ஓடியிருக்கும். "நான் வெந்து சாகிறதோ?"

"மாமி, அங்க சிவாஜினி வாளியால அள்ளி ஊத்துறாள். கை கழண்டு விழப்போகுது."

மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு வெற்றிலை எடுத்துவந்தார். "கழட்டு. சும்மா கையால தரக்கூடாது, வெத்திலையில வச்சுத்தான் தருவன்."

அவன் சுவிட்சை நிறுத்தி, கதிரையில் ஏறி, குறட்டின் இரும்பு வாயால் கப்பாசிட்டரின் இரண்டு காலையும் சேர்த்துத் தொட்டான். "டப்" என்று பொறி பறந்தது. மாமி இரண்டு முழம் துள்ளினார்.

"கரண்டை நிப்பாட்டினனியெல்லோ!"

"நாங்க நிப்பாட்டினாலும் இது வயித்துக்க ஒளிச்சு வச்சிருக்கும் மாமி. பாத்துத்தான் தொடோணும்."

அடுத்துக் கைநீட்டியபோது முன்வீட்டு ஓட்டோக்கார ஜவ்பர் வயிறு பிடித்துச் சிரித்தான். "யோகன் அண்ணன், நாங்க சித்திரை வருசம் கொண்டாடுறல்ல. அதோட நான் உங்கள விட இளையவன். நீங்கதான் எனக்குத் தரணும்."

"அடுத்த வருசம் தாறன்டா, கையெடுத்துக் கும்பிடுறன்."

"எடுங்க, எடுங்க. அழுதுடாதீங்க."

நாலாவதை மீனவர் சின்னராசா அண்ணை தானே கழற்றிக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார். மணி இரண்டே முக்கால். தொட்டி மூலையில் ஒரு இறால் சரிந்து கிடந்தது. சிவாஜினி அதைப் பார்க்காததுபோல ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்பிடித் தொடுக்கப் போறாய்?" என்றார் சின்னராசா. "ஒண்டின்ர வாலில மற்றதைக் கட்டு. எஞ்சின் பழுதான போட்டை அப்பிடித்தானே இழுத்து வாறம்."

யோகலிங்கத்துக்கும் அது சரியாகப் பட்டது. பதினாறு வயதுவரை அவனும் போட்டில் போனவன். ஒன்றன் வாலில் ஒன்றாக நாலையும் முறுக்கி, கம்பிக்கு ஒட்டும் ரேப் சுற்றி, சுவிட்சைப் போட்டான்.

"ம்ம்ம்." முன்பு விரலுக்காவது சுற்றியது, இப்போது தடவிக் கொடுத்தாலும் அசையவில்லை.

"என்னப்பா இது?" வாளி நின்றது. சிவாஜினி அன்றைக்கு முதல் தடவை தொடுத்திருந்த விதத்தைக் குனிந்து பார்த்தாள். "பந்தியில ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா இருத்தினா, பின்னால இருக்கிறவனுக்கு சோறு எப்பிடி வரும்? பக்கத்தில பக்கத்தில இருத்துங்கோவன்!"

அவள் கோபத்தில் சொன்னாள். யோகலிங்கத்தின் ஆடுகிற கால் அப்படியே நின்றது. வரிசையில் நின்றால் நாலும் சேர்ந்து ஒன்றைவிடக் குறைந்துதான் பிடிக்கும். பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொன்றின் ஒரு காலை இந்தக் கம்பியிலும் மறுகாலை அந்தக் கம்பியிலும் வைத்தால் ஒவ்வொன்றும் தன் பங்கைத் தானே வாங்கும். இரண்டரை, இரண்டரை, இரண்டரை, இரண்டரை.

பல்லால் ரேப்பைக் கடித்து அவிழ்த்தான். ஒரு கப்பாசிட்டர் கழன்று விழுந்தது, தேடினான், சின்னராசா அண்ணையின் செருப்புக்குக் கீழே கிடந்தது. "நகருங்கோ அண்ணை, நகருங்கோ!" முறுக்கினான். சுற்றினான். சுவிட்ச்.

மோட்டார் முனகவில்லை. சடாரென்று எழும்பி ஓடியது. குழாய் இரண்டு தடவை இருமியது, பிறகு ஓட்டை எல்லாவற்றாலும் தண்ணீர் சீறியது. சிவாஜினி வாளியோடு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். இரண்டு கையையும் தூக்கப் பார்த்தாள்; அவை எழும்பவில்லை.

நாலு மணிக்குக் கனகரத்தினம் வெள்ளைச் சட்டையோடு வந்தார். தொட்டிக்குள் கையை விட்டார். ஒரு இறால் வாலால் விட்ட அறையில் சட்டை கழுத்துவரை நனைந்தது. மூலையில் சரிந்த ஒன்றைத் தவிர எல்லாம் துள்ளின.

"உயிர் கிடக்கு பிள்ளை. சீசனுக்கு நீதான். இப்ப பாதி எடுக்கிறன், மற்றப் பாதியை விடியக் காலமை எடுக்கிறன்."

"ஓம் ஐயா" என்றாள் சிவாஜினி.

பாதி போனது. மீதிப் பாதிக்காக மோட்டார் விடியும்வரை ஓடவேண்டும்; நாலு கப்பாசிட்டரும் அதன் பக்கத்திலேயே இருக்கவேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கரத்தினம் மாமியின் குரல் எழும்பியது. "தம்பி யோகன், என்ர ஃபேன் எப்ப வரும்? நான் இஞ்ச கருவாடாகிறன்!"

யோகலிங்கம் மனைவியைப் பார்த்தான். அவள் பிஸ்கட் பெட்டி மட்டையொன்றைக் கிழித்து அவன் கையில் கொடுத்தாள்.

"போய் மாமிக்குக் காத்து விசுக்குங்கோ."

"விடியுமட்டுமோ?"

"நாளைக்கு மாத்துறன் எண்டு முப்பது நாள் சொன்ன வாய்தானே. போங்கோ."

அவன் போனான். மாமியின் தலைமாட்டில் நின்று விசுக்கினான். விசுக்குகிற கையைவிட, மதிலுக்கு அப்பால் ஓடுகிற மோட்டாரில்தான் காது இருந்தது. அது ஒரு கணம் தடுமாறியதுபோலக் கேட்டபோதெல்லாம் மட்டை அந்தரத்தில் நின்றது.

"ஏன்டா நிப்பாட்டினாய்?" என்றார் மாமி கண்ணைத் திறக்காமல்.