கார்டியோபல்மனரி என்றொரு சொல்

அந்தச் சொல்லை எங்கே கேட்டாலும் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மலேசியாவில், கிள்ளானில் ஒரு அடுக்குமாடியின் நான்காம் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவும் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொட்டிக்குள் இறங்கியவரைப் பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள்.

தகனம் முடிந்து மூன்று நாள் ஆகவில்லை, கம்பெனி சூப்பர்வைசர் வந்துவிட்டார். நம் தமிழ் ஆள்தான். அன்றைக்குத் தொட்டியின் வாயருகே நின்று வேலை வாங்கியவரும் அவர்தான். ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி வந்திருந்தார்.

"ஹார்ட் பிரச்சன லா அக்கா. ஆஸ்பத்திரியிலயே எழுதிக் கொடுத்துட்டாங்க. வேலையால வந்தது இல்லன்னு இதுல ஒரு சைன் போட்டுட்டீங்கன்னா ஃபைல மூடிடலாம்."

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. மருத்துவமனைத் தாளை என்னிடம் நீட்டினார். 'கார்டியோபல்மனரி அரெஸ்ட்' என்று இருந்தது. வகுப்பில் ஆங்கிலத்தில் நான்தான் முதல். அகராதியைப் புரட்டிவிட்டு வந்து, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன்.

"கார்டியோன்னா இதயம். பல்மனரின்னா நுரையீரல். ரெண்டும் நின்னுபோச்சு."

"கெட்டிக்காரப் பொண்ணு" என்றார் சூப்பர்வைசர். அப்பா செத்த அதே வாரத்தில், அந்தப் பாராட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா அசையவில்லை. "அரிசி மூட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு நாலு மாடி ஏறுற மனுஷன். அது ஏன் நின்னுச்சு? அது எங்க எழுதியிருக்கு?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கும் இல்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"இதுதாம்மா காரணம். டாக்டரே எழுதியிருக்காரு. உங்களுக்குத்தான் ஒன்னும் புரியல" என்று எரிந்து விழுந்தேன்.

அம்மா சூப்பர்வைசரிடம் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார்.

பின்னாளில் நர்ஸ் வேலைக்காக நான் சேர்ந்த தாதியர் படிப்பின் முதலாண்டில் விரிவுரையாளர் சொன்னார். யார் செத்தாலும், எதனால் செத்தாலும், கடைசியில் இதயமும் நுரையீரலும் நிற்கத்தான் செய்யும்; எது நிறுத்தியது என்பதே காரணம். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

தொட்டிக்குள் என்ன காற்று இருந்தது என்று யாருமே கேட்டதில்லை. கேட்கப் பார்த்தவரின் வாயை நான் அடைத்திருக்கிறேன். அன்று அந்த வீட்டில் ஆங்கிலம் தெரியாத ஒருவர்தான் அந்தத் தாளைச் சரியாகப் படித்திருந்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.