வாங்காமல் போன ரத்த ரிப்போர்ட்

சென்னையை அடுத்த படப்பையிலுள்ள அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் பாண்டிச்செல்வி வேலைக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. ஊர் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு, ஒரகடத்துக் கம்பெனியில் இருந்த அண்ணனை நம்பி ரயிலேறியவள். அவள் ஊசி குத்தினால் வலியே தெரியாது என்று பேர். வல்லம் வடகாலிலிருந்துகூட வந்து, "அந்தத் திருநெல்வேலிப் பொண்ணு வந்துக்கீதா?" என்று விசாரிப்பார்கள். கோவில்பட்டியைத் திருநெல்வேலி என்றால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனாலும் பதமாகத்தான் குத்துவாள்.

இப்போதெல்லாம் யாராவது அவளுடைய கைராசியைப் புகழ்ந்தால் பேச்சை மாற்றிவிடுகிறாள். காரணம் டில்லிபாபு.

இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த 2021 ஏப்ரல். காய்ச்சலென்று லீவு போட்டவன் நெகடிவ் காகிதத்தோடு வந்தால்தான் கம்பெனிகளில் உள்ளே விடுவார்கள். அதனால் அந்த வட்டாரத்தில் கொரோனா ஒரு காகித விவகாரமாகிவிட்டது. நெகடிவ் என்றால் வேலை, பாசிடிவ் என்றால் பதினைந்து நாள் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டும். உடம்பு என்ன சொல்கிறது என்று யார் கேட்டார்கள்?

டில்லிபாபு வல்லத்துக்காரர். கம்பெனியில் சுமை தூக்கும் போர்க்லிஃப்ட் ஓட்டினார். ஆறு நாளாகக் காய்ச்சல், இருமல். கிளினிக் டாக்டர் மூக்குச் சளிப் பரிசோதனையோடு சி.ஆர்.பி., டி-டைமர் என்று இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் எழுதியிருந்தார். உடம்புக்குள் எவ்வளவு அழற்சி என்பதை முதலாவது காட்டும். ரத்தம் உறையத் தொடங்கிவிட்டதா என்பதை அடுத்தது காட்டும். மூக்கில் கிருமி சிக்காமல் போகலாம். இந்த இரண்டும் எகிறினால் நோய் முற்றுகிறது என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும். பாண்டிச்செல்விக்கு இது தெரியாததல்ல.

சளியும் ரத்தமும் கொடுத்துவிட்டுப் போன மறுநாள் பகல் ஒரு மணிக்கு டில்லிபாபு வந்து நின்றார். மூக்குப் பரிசோதனை முடிவு மட்டும்தான் வந்திருந்தது.

"இன்னாமா, பாஸா பெயிலா?"

"நெகடிவ்தான் அண்ணாச்சி. சந்தோசமா வேலைக்குப் போங்க. ரத்த ரிப்போர்ட்டு மூணு மணிக்கு மேல வந்திரும். இருந்து வாங்கிட்டுப் போங்களேன்."

"செகண்ட் ஷிப்ட்டுமா. ரெண்டு மணிக்கு உள்ள இருக்கணும். அத்த அப்பால வாங்கிக்கிறேன். செக்யூரிட்டி இத்த மட்டும்தான் கேக்கறான்."

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இருமிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். சந்தோசமா வேலைக்குப் போங்க என்று சொன்ன தன் வாயை அவள் இன்றைக்கும் திட்டிக்கொள்கிறாள்.

மூன்றரைக்கு ரத்த ரிப்போர்ட் வந்தது. இரண்டு அளவுகளும் தாறுமாறாக ஏறியிருந்தன. உடனே டில்லிபாபுவுக்குப் போன் அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கம்பெனிக்குள் போன் கூடாது, கேட் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். இன்னொரு தடவை அடித்துப் பார்த்தாள். வாசலில் அறுபது பேர் நின்றார்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ரிப்போர்ட்டை டிரேயில் போட்டாள். மறுநாள் கூட்டத்தில் அது அடியோடு மறந்துபோயிற்று.

அதற்கடுத்த நாள் விடிகாலையில் டில்லிபாபுவுக்கு மூச்சு வாங்கியது. ஆக்சிஜன் படுக்கை கிடைப்பதற்குள் போய்விட்டார்.

கம்பெனியில் எல்லா ரிப்போர்ட்டும் கேட்கிறார்கள் என்று, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவி ஜோதி வந்தாள். பாண்டிச்செல்வி டிரேயில் கிடந்த அந்த ரத்த ரிப்போர்ட்டைக் கொடுத்தாள். அதில் அச்சாகியிருந்த தேதியை ஜோதி விரல் வைத்துப் படித்தாள்.

"இது அன்னிக்கே வந்துடுச்சா?"

"வந்திருச்சுக்கா. ரெண்டு தடவ போன் அடிச்சேன். அண்ணாச்சி எடுக்கல."

"ஷிப்ட்ல இருந்தா எப்டிமா எடுப்பாரு?" ஜோதியின் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பாண்டிச்செல்வி தாங்கியிருப்பாள். "ராத்திரி வந்து மிஸ்டு கால பாத்துட்டு, ரிப்போர்ட்டு வாங்கிக்கத்தான் கூப்ட்டிருப்பாங்க, நெகடிவ்தான் வந்துடுச்சேன்னு படுத்துக்கினாரு. இங்க என் நம்பரும் குடுத்திருக்கேன்னு சொன்னாரே. எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தீன்னா, கம்பெனி வாசல்ல போய் நின்னு கையோட இட்டாந்திருப்பேனே."

பாண்டிச்செல்வி பழைய படிவங்களைப் புரட்டி அவருடையதை எடுத்தாள். டில்லிபாபுவின் எண்ணுக்குக் கீழே இன்னொரு எண் இருந்தது, பக்கத்தில் 'மனைவி' என்று. அவர் சொல்லச் சொல்ல அவளே தன் கையால் எழுதியிருந்தாள்.