ஆள் வராத பாலம்

அவள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் விரிப்பு மடிக்கிறவள். கணவன் வெகுநாள் படுக்கையில் கிடந்தான். பகலில் நான் நர்சாகப் போய்க் கவனித்துக்கொள்வேன். மற்ற நேரங்களில் அவள், மாமியார், நாத்தனார் மூவரும் முறை வைத்துப் பார்த்தார்கள். அடுத்த ஆள் வந்து நிற்காமல் ஒருத்தியும் கட்டிலைவிட்டு நகர மாட்டாள். கடைசிவரை அவனுக்கு ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை.

அவன் போனபோது அவள் அழவில்லை. சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், விடிந்தால் ஓடினாள். மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"ஒரு விஷயத்தையாவது முழுசா முடிக்கணும் நர்சம்மா. நேரம் முடிஞ்சு முடிவுக் கோட்டை மூடறதுக்குள்ள போயிடணும்."

ஓட்டத்தன்று தண்ணீர் கொடுக்க வீட்டார் பாதையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். முதல் திருப்பத்தில் நாத்தனார். பாலத்தில் மாமியாரும் நானும். நாத்தனார் தண்ணீர் கொடுத்தது அண்ணன் படுத்தபடி குடித்த, மூக்கு வைத்த கோப்பையில்.

"சிந்தாதுல்ல அண்ணி!"

"கழுத்துல துண்டும் கட்டி விடு" என்று சொல்லிக் குடித்துவிட்டு ஓடினாளாம்.

எங்கள் பேருந்தைப் பாதி வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஓட்டத்துக்காகச் சாலை அடைப்பு. மாமியாரின் முழங்கால் வலியோடு பாலத்துக்கு நடந்து சேர வெகு நேரமாயிற்று. அங்கே கம்பியைப் பிடித்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள். கிழவர்கள்கூட அவளைத் தாண்டிப் போனார்கள்.

"ஓடாம ஏண்டி நிக்கிற?"

"நீங்க வரலியே அத்தை. ஆள் வராம எப்படிக் கிளம்பறது?"

மாமியார் கம்பியிலிருந்து அவள் கையை விடுவித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கட்டில்ல யாரும் இல்லடி."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நின்றதில் கெண்டைக்கால் இறுகிப்போயிருந்தது. குனிந்து அழுத்திவிட்டேன். போனாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது முடிவுக் கோட்டில் நேரம் பதிய விரித்திருந்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பதக்கம் கிடையாது. வெறுந்தரையைத் தாண்டி, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வந்ததும் காலை நீட்டச் சொல்லி காலணியையும் காலுறையையும் கழற்றினேன். பெருவிரல் நகம் கறுத்துத் தூக்கிக்கொண்டிருந்தது.

"வலிக்குதா?"

"தெரியல நர்சம்மா."

ஈரத்துண்டால் மாமியார் அவள் கழுத்தைத் துடைத்தார்.

"அடுத்த வருஷம் பாலத்துல யாரும் நிக்க வேணாம் அத்தை" என்றாள் அவள். "நேரா இங்க வந்துடுங்க."

"அப்ப தண்ணி?"

"வழியில ஓட்டம் நடத்தறவங்களே குடுக்கறாங்க."

மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. துண்டைப் பிழிந்து, மறுபடியும் துடைத்தார்.