மைனஸ் நாற்பதில் வனஜாவின் மின்முனை

வனஜா போய்விட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை அவர் மகள் போனில் சொன்னபோது, அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்துப் பயனில்லை. சொல்ல வேண்டியதை இரண்டு நாள் முன்பே அவரிடம் சொல்லிவிட்டிருந்தேன்.

திருவொற்றியூரில் உள்ள எங்கள் சின்ன ஆய்வகத்தில், தண்ணீரில் இயங்கும் பேட்டரி செய்கிறோம். உப்பை அள்ளிக் கரைத்தால் தண்ணீர் கடுங்குளிரிலும் உறையாது. ஆனால் அந்தக் குளிரில் மின்முனையில் உள்ள பொடி மந்தமாகி, மின்சாரத்தை வாங்கவும் தரவும் முரண்டு பிடிக்கும். அந்தப் பொடியைக் குழைத்து மின்முனையில் பூசுவது வனஜாவின் வேலை. விரலால் தொட்டே பதம் சொல்வார். "பதம் தெரியலன்னா படிச்சி இன்னா மேடம் புண்ணியம்?" என்று என் பட்டத்தையும் ஒரு கை பார்ப்பார். மார்கழிக்கே சால்வை தேடும் எங்களுக்கு மைனஸ் நாற்பது டிகிரியில் பிழைப்பு என்று இருவரும் சிரிப்போம்.

சென்ற ஆண்டு புதிய பொடி ஒன்று ஃப்ரீசரில் அபாரமாக வேலை செய்தது. பனிமலை உச்சியில் இருக்கும் வானிலைக் கருவிகளுக்கு அந்த பேட்டரிகளை அனுப்ப ஏற்பாடு செய்தேன். அங்கே பேட்டரி படுத்தால், பனிப்புயல் வருவது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. பெட்டிகள் கிளம்பவிருந்த காலையில் வனஜா என் அறைக்கு வந்தார்.

"ரீடிங் தப்பு மேடம். ஒவ்வொரு தபாவும் பேட்டரிய ஃப்ரீசர்லேந்து வெளிய எடுத்து, மூடிய மூடிட்டுதான் ஒயரு மாட்டினேன். அந்தக் கணக்குல நம்மூரு வெயிலும் கீது."

அவர் காசிமேட்டில் மீன் ஐஸ்பெட்டிகளோடு வளர்ந்தவர். மூடி திறந்திருந்தால் ஐஸ் கரையும், மீன் கெடும். உடனே மூடுவது அவர் கையில் ஊறிய பழக்கம். ஒயரை உள்ளே விட வேண்டும் என்று சொல்லித்தராதது என் தவறு. ஆனாலும் கத்தினேன். பெட்டிகளை நிறுத்தினேன். அடுத்த வாரமே அவர் மருத்துவமனையில் சேர்ந்தார். பழைய நோய் திரும்பியிருந்ததை அவர் என்னிடம் சொல்லவே இல்லை.

ஃப்ரீசர் மூடியில் துளை போட்டு, ஒயரை உள்ளே விட்டு, அவர் பூசிய அதே மின்முனைகளை மறுபடி சோதித்தேன். முன்பு கண்ட அளவு வரவில்லை. ஆனால் பேட்டரி ஓடியது, கருவிக்குப் போதுமான அளவு, வாரக்கணக்கில் ஓடியது. வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் மருத்துவமனையில் அவர் படுக்கையருகே உட்கார்ந்து இதைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கவே இல்லை. "உள்ளயே வெச்சி பாத்தீங்களா?" என்று இருமுறை கேட்டார். ஆமாம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப அனுப்புங்க" என்றார்.

நேற்று பெட்டிகள் கிளம்பின. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். ரீடிங் தப்பு என்று சொல்ல வந்த அன்று காலை அவரை உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த உடம்போடு அரை மணி நேரம் நின்றபடியே ஏச்சு வாங்கினார். இப்போது யாராவது தயங்கித் தயங்கி என் அறைக்குள் வந்தால், விஷயம் என்ன என்று கேட்பதற்கு முன் நாற்காலியை இழுத்துப் போடுகிறேன்.