மக்காச்சோளத்தோடு குடித்தனம்

கல்யாணமாகி பல்லடம் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு நான் வந்தபோது, எங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் எனக்கு முன்பே மக்காச்சோளம் குடியேறியிருந்தது. சுவர் தெரியாமல் மூட்டைகள். மிச்ச இடத்தில் கட்டில். ஒருக்களித்து நடந்துதான் அதில் ஏற வேண்டும். உதறாமல் சேலை கட்டினால் வண்டு ஊரும். இன்றைக்கும் தீவனக் கடையைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தால் நின்றுவிடுகிறேன். அந்த அறைக்கு ஏங்குவேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. சுற்றுவட்டாரமெங்கும் மக்காச்சோளத்தைத் தீவனமாக வாங்கும் கோழிப்பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் மழை இல்லை, மக்காச்சோள விளைச்சல் குறையும் என்று மாமனார் பேப்பரில் படித்துவிட்டார். அவ்வளவுதான், விலை ஏறாமல் ஒரு மூட்டையும் நகராது என்று உட்கார்ந்துவிட்டார். கர்நாடகத்துத் தாவணகெரேயிலிருந்து லாரி லாரியாகச் சரக்கு வருகிறது, அமெரிக்காவைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தரகர் தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் ரேடியோவில் விலை நிலவரம் சொல்லும்போது வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. குக்கர் விசிலடித்தால்கூட மாமனார் முறைப்பார். அமெரிக்காவில் மழை பெய்யக்கூடாது என்று மாரியம்மன் கோவிலில் வேண்டிக்கொண்ட ஒரே மருமகள் நானாகத்தான் இருப்பேன்.

பிரசவத்துக்குத் துடியலூர் அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பி வந்தால் பிள்ளையை எங்கே போடுவது? வீட்டுக்காரர் தன் அப்பாவிடம் வாயே திறக்க மாட்டார். நானே துணிந்து, விலை எப்போது ஏறும் என்று மாமனாரிடம் கேட்டேன்.

"பொறு அம்மணி, ஏறீரும்" என்றார்.

மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அறை காலி. சுண்ணாம்பு அடித்து, நடுவில் தொட்டில் கட்டியிருந்தது. பேத்தி பிறந்த சேதி வந்த மறுநாளே மாமனார் தரகரைக் கூப்பிட்டு, அவர் கேட்ட விலைக்கே எல்லாவற்றையும் தள்ளிவிட்டாராம். வீட்டுக்காரர் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை.

நாங்கள் வந்த வாரமே விலை ஏறத் தொடங்கியது. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. மாமனார் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் அவர் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். ரேடியோவில் விலை நிலவரம் ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் நான் ஓடிப்போய்க் குக்கர் அடுப்பை அணைத்தேன்.

அவர் எழுந்துபோய் ரேடியோவை நிறுத்தினார்.

"சத்தம் போடாதீங்க. கொளந்தை இப்பத்தான் கண்ணசந்துச்சு" என்றார்.